கூட வரும் ஆள்

ராய்ஸ் டெர்வோவோடு வந்த ஆள் வாசல் மிதியடியில் பூட்ஸை அழுத்தித் துடைத்தான். எங்கள் துப்பாக்கிக் கடையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. நவம்பரில் மேல் மிச்சிகன் முழுக்க எல்லோர் காலிலும் சேறும் பனியும்தான், கடைத் தரையும் வெறும் சிமெண்டுதான். இடது கால், வலது கால், மறுபடி இடது கால் என்று அவன் துடைத்துக்கொண்டே நின்றதைப் பார்த்ததும் வெளியூர் என்று தெரிந்துவிட்டது. ராய்ஸ் அவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் மழித்திருந்தான். மார்ச்சிலிருந்து அவன் முகத்தைத் தாடி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. தாடி போனதும் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது தெரிந்தது.

மறுநாள் மான் வேட்டை சீசன் ஆரம்பம். பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுகிற நாள் அது. கடையில் நிற்க இடமில்லை. லைசென்ஸ் கேட்டு ஒரு கூட்டம், கை சூடாக்கும் பொட்டலம் கேட்டு ஒரு கூட்டம், வருஷம் முழுக்க மூலையில் போட்டு வைத்திருந்த துப்பாக்கியைக் கடைசி நாளில் தூக்கிக்கொண்டு வந்து இது சுட மாட்டேன் என்கிறது என்று சொல்கிற கூட்டம். கவுண்டரில் எனக்கு எதிரே ஹார்லன் ட்ரெவாரோ நின்றிருந்தான். போன வாரம் எங்களிடம் வாங்கிய தொலைநோக்கியை அவனே வீட்டில் துப்பாக்கி மேல் மாட்டியிருந்தான்.

"என்னத்த வித்தீங்க டெல்ஃபீன்? எதிர்ல நிக்கிற கொட்டகை அடுத்த ஊர்ல இருக்கிற மாதிரி தெரியுது."

"முன்பக்கம் பின்பக்கமா மாட்டியிருக்க."

"மாத்தாத ஹார்லன்," என்றது வரிசையில் ஒரு குரல். "அப்படியே கண்ணாடியில பாரு. தொப்பை சின்னதாத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. கடை முதலாளி வெண்டல் பெல்க்கி திங்கட்கிழமை காலையில் இணையத்தில் எங்கள் கடைக்கு யார் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்துக் காட்டுவார். "நல்ல விலை, நல்ல காபி, கவுண்டரில் நிற்கும் தெற்கத்திக்காரி சாவு வீட்டில் நிற்பதுபோல் நிற்கிறாள்" என்று ஒருவன் எழுதியிருந்தான். நான் லூசியானா. என் கணவன் கர்ட்டிஸுக்குக் காகித ஆலையில் வேலை கிடைத்து அவனோடு இங்கே வந்தவள். ஆலை மூடியதும் அவன் வேலை தேடி மேற்கே போனான். வேலை கிடைத்தது என்று ஒருமுறை போன் செய்தான், அவ்வளவுதான். நான் இந்தக் கவுண்டரில் நின்றுவிட்டேன். வெண்டல் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டே விஷயம். வருகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடு. கேள்வி கேட்காதே. துப்பாக்கி வாங்க வருகிறவன் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வான், எதற்கு என்று கேட்டால் மட்டும் பொறுக்க மாட்டான்.

அந்த வெண்டலே கேட்கிற ஒரு கேள்வி உண்டு. அது வாங்க வருகிறவர்களிடம் கேட்பது அல்ல, வைத்துவிட்டுப் போக வருகிறவர்களிடம் கேட்பது. இங்கே குளிர்காலம் நீளம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் தனக்கு நல்லதில்லை என்று ஒருவனுக்கே தோன்றுகிற நாட்கள் வரும். அப்போது கொண்டுவந்து எங்களிடம் வைப்பார்கள். பூட்டு ரிப்பேர் என்பான் ஒருவன், வீட்டில் பெயிண்ட் அடிக்கிறோம் என்பான் இன்னொருவன். நாங்கள் தலையாட்டி வாங்கிப் பின்னறையில் வைப்போம். வெண்டல் ஒன்று மட்டும் கேட்பார்: "திரும்ப வாங்கிட்டுப் போக யாரக் கூட்டிட்டு வருவ?" இது சட்டம் இல்லை. சட்டப்படி எந்த நாளும் வந்து கேட்கலாம், காகிதம் நிரப்பி, அரசாங்க நம்பருக்கு போன் போட்டு, அவர்கள் சரி என்றால் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனாலும் வெண்டல் கேட்பார். நான் வருவதற்கு முன்னால் ஒருத்தன் தனியாக வந்து, சிரித்துக்கொண்டே, வெண்டலுக்கு ஒரு பெட்டி டோனட்டும் கொடுத்துவிட்டுத் தன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனானாம். அதை அவர் ஒரே ஒரு தரம் சொன்னார். அப்புறம் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. கடைக்குள் டோனட் வரக் கூடாது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ராய்ஸ் மார்ச் கடைசியில் மூன்று துப்பாக்கிகளை ஒரு மெத்தை விரிப்பில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தான். பிப்ரவரியில் அவன் மனைவி அனெட் செத்துப் போயிருந்தாள். நுரையீரல். பிள்ளைகள் இல்லை. இருவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய கல்குவாரிக்கு மேலே உள்ள மேட்டில் வீடு கட்டிக்கொண்டு, இருபது வருஷமாகச் சேர்ந்தே வேட்டைக்குப் போனவர்கள். மற்றவர்கள் எல்லாம் அண்ணன் தம்பி, மச்சான் என்று கூட்டமாகக் காட்டுக் குடிசையில் போய்த் தங்குவார்கள். இவர்களுக்கு அவர்களே போதும். அதனால் அவள் போனதும் அவனுக்குப் போக ஒரு குடிசை இல்லாமல் போயிற்று. வெண்டல் அவனிடம் கேள்வியைக் கேட்டார். மற்றவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். தம்பி என்பார்கள், பாதிரியார் என்பார்கள். ராய்ஸ் கண்ணாடி கவுண்டரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"யாரையாவது கூட்டிட்டு வரேன்," என்றான்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்தான். துப்பாக்கியைத் திருப்பிக் கேட்க அல்ல, துடைக்க. நான் மூன்றையும் பின்னறையிலிருந்து எடுத்து வந்து கவுண்டர் கடைசியில் துணி விரித்து வைப்பேன். அவன் எண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைப்பான். துடைக்கத் துடைக்கப் பேசுவான். கொசுவைப் பற்றி, எரிவாயு விலையைப் பற்றி, சுப்பீரியர் ஏரியில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பற்றி. ஒருநாள், "உங்க ஊர்ல மான் உண்டா?" என்று கேட்டான். "இருக்கு. ஆனா எங்கப்பா வலைதான் போடுவாரு, எனக்குத் தெரிஞ்சது நண்டும் இறாலும்தான்" என்றேன். "நண்டு ஓடாதா?" என்றான். "ஓடும், பக்கவாட்டுல" என்றேன். அதற்குச் சிரித்தான். ஒரு வாரத்தில் என்னிடம் என் ஊரைப் பற்றி, என்னைப் பற்றி ஏதாவது கேட்கிற ஒரே ஆள் அவன்தான். அவனுக்கு அந்த வாரத்தில் வேறு யாரிடமாவது பேச்சு உண்டா என்று நான் கேட்டதில்லை. கடையில் கேள்வி கேட்கக் கூடாது.

இப்போது வரிசையில் அவன் முறை வந்தது. கூட வந்த ஆளை முன்னால் விட்டான்.

"டெல்ஃபீன், ஆளக் கூட்டிட்டு வந்துட்டேன். இது கோர்டி."

கோர்டி தொப்பியைக் கழற்றினான். ஐம்பது வயது இருக்கும். கையில் டீசல் வாசனை. "நாளைக்கு நான் இவரு கூட இருப்பேம்மா," என்றான். மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்கிற குரல்.

"எத்தன நாளா பழக்கம்?" என்று கேட்டேன்.

"ராய்ஸையா? சின்னப் பசங்களா இருக்கிறப்பலேர்ந்து."

ஹார்லன் ட்ரெவாரோ இன்னும் கவுண்டர் ஓரத்தில் தன் தொலைநோக்கியைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தான். "எந்தச் சின்னப் பசங்க? இவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். உன்ன நான் பாத்ததே இல்லியே."

"பள்ளிக்கூடத்துல இல்ல. லீவுக்கு வருவேன். இவங்க மாமா வீட்டுக்கு."

"ராய்ஸுக்கு ஏதுடா மாமா?"

வரிசை சிரித்தது. ராய்ஸும் சிரிக்க முயன்றான். அவன் காது மடல்கள் சிவந்துவிட்டன. கோர்டிக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒத்துக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று நினைக்கிற ஆள் போலிருக்கிறது. வரிசையைத் திரும்பிப் பார்த்துக் குரலை உயர்த்தினான்.

"நம்பலன்னா அனெட்டக் கேளுங்கப்பா. போன வாரம் கூட அவங்க கையால கறியும் கிழங்கும் உள்ள வச்சுச் சுட்ட பாஸ்டி சாப்பிட்டேன். கேரட்டு போட மாட்டாங்க. கேரட்டு போட்டா அது பாஸ்டியே இல்லன்னு சண்டைக்கே வந்துருவாங்க. என்ன ராய்ஸ்?"

வரிசை தரையைப் பார்த்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பிப்ரவரியில் அனெட்டின் அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காகிதத் தட்டில் பன்றிக்கறி வாங்கிச் சாப்பிட்டவர்கள். ஹார்லன் சவப்பெட்டி தூக்கியவன். கோர்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எங்கே தப்பு என்று அவனுக்குத் தெரியவில்லை. கேரட் விஷயம் உண்மை. அனெட் சண்டைக்கு வருவாள் என்பதும் உண்மை. அதையெல்லாம் ராய்ஸ்தான் சொல்லியிருக்க வேண்டும், எங்கேயோ ஒரு பாரில் உட்கார்ந்து, ஒரு அந்நியனுக்குத் தன் வாழ்க்கையைப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லையோ, இல்லை அங்கே இரண்டு கிளாஸ் பீர் தீருகிற வரைக்குமாவது அவள் வீட்டில் அடுப்படியில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டானோ.

"ராய்ஸ்," என்றேன். மெல்லத்தான் சொன்னேன். "வேற யாரையாவது கூட்டிட்டு வாயேன்."

அவன் கவுண்டர் மேல் இரண்டு கையையும் வைத்தான். "யார டெல்ஃபீன்? நீயே பேரச் சொல்லு. இப்பவே போய்க் கூட்டிட்டு வரேன்."

ஒரு பேர் தேடி வரிசையைப் பார்த்தேன். எல்லோரும் ஆரஞ்சு தொப்பி, ஆரஞ்சு சட்டை. எல்லோருக்கும் காட்டில் ஒரு குடிசை உண்டு, அதில் அப்பன் காலத்துக் கட்டில் உண்டு. சீசனுக்கு முந்தின நாள் யாரும் யாரையும் நீயும் வா என்று சொல்வது இங்கே வழக்கம் இல்லை. அந்தக் கட்டில் எல்லாம் பங்காளிகளுக்கு எழுதி வைத்தது மாதிரி. ஹார்லன் வாயைத் திறந்தான். நான் அவன் வாயையே பார்த்தேன். அவன் அதை மூடிக்கொண்டு தொலைநோக்கியின் திருகாணியை முறுக்கத் தொடங்கினான். கடைசியில் பேசியது கோர்டிதான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றான் என்னிடம். குரல் இறங்கிவிட்டது. "மர லோடு லாரி. ஒரு பார்ட்டு போயிருச்சு, மோட்டல்ல கெடக்கேன். சும்மா கூட வந்து நில்லுங்கன்னாரு." பிறகு ராய்ஸைப் பார்த்தான். "பார்ட்டு நாளைக்கும் வரலன்னா நான் நெசமாவே வரேன்யா உங்க கூட. சும்மா உக்காந்திருக்கேன், போதும்ல?"

"போதும்," என்றான் ராய்ஸ்.

சத்தம் கேட்டு வெண்டல் பின்னறையிலிருந்து கைத்துணியோடு வந்தார். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ராய்ஸின் மழித்த முகத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் வரிசையைப் பார்த்தார். கதவுக்கு வெளியே இன்னும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சீசனாச்சே ராய்ஸ்," என்றார். ஏதோ அவன் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

"ஆமா. அனெட் இருந்தா இந்நேரம் சாண்ட்விச் கட்டியிருப்பா."

அவன் அவள் பேரை எல்லோர் முன்னாலும் சொன்னதும் வரிசையில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். வெண்டல் என் பக்கம் குனிந்தார். "அவன் பொருள் டெல்ஃபீன். நாம வச்சிக்க முடியாது."

"நாளைக்கு நான் போறேன் அவன் கூட," என்றேன்.

இதை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். ராய்ஸ் என்னைப் பார்த்தான். வாராவாரம் அவனுக்குத் துணி விரித்து வைத்த என் கையை முதலில் பார்த்தான், அப்புறம் முகத்தை. அவனுக்காகப் பயந்து சொன்னேனா, துப்பாக்கி போய்விட்டால் அடுத்த வாரம் அவன் இந்தக் கவுண்டருக்கு எதற்கு வருவான் என்று பயந்து சொன்னேனா, எனக்கே தெரியவில்லை.

"ஒனக்கு லைசென்ஸ் கிடையாது," என்றான். "கடையத் தொறக்கணும். அதுக்கும் மேல நீ தெக்கத்திக்காரி. அஞ்சு நிமிஷம் மரத்தடியில நின்னா ஒன்னையும் சேத்து நான்தான் மான் மாதிரி இழுத்துட்டு வரணும்."

கடை முழுக்கச் சிரித்தது. ஹார்லன் கவுண்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே விஷயம் முடிந்துவிட்டது. இந்த ஊரில் ஒருத்தன் ஒரு ஜோக் சொல்லிவிட்டால் அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். அதற்கு மேல் அவனை யாரும் பார்க்க மாட்டார்கள். வெண்டல்கூடச் சிரித்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

ராய்ஸ் காகிதம் நிரப்பினான். ஒவ்வொரு கட்டத்திலும் பொறுமையாக எழுதினான். கோர்ட்டு உன்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறதா என்று ஒரு கேள்வி. இல்லை. அவனை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை, மெத்தை விரிப்பில் சுற்றிக்கொண்டு அவனாகத்தான் வந்தான். நீ யாரோடு சாப்பிடுகிறாய் என்று அந்தக் காகிதத்தில் கேள்வி இல்லை. நான் போன் செய்தேன். மறுமுனையில் ஒரு பெண், தூக்கம் கலையாத குரல், கொடுக்கலாம் என்றாள். பின்னறையிலிருந்து மூன்றையும் எடுத்து வந்தேன். அவன் பழைய ரைபிளை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"மத்த ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. திரும்பி வரப் போகிறவன்தான் விட்டுவிட்டுப் போவான். ஒன்று போதும் என்கிறவனும் விட்டுவிட்டுப் போவான். தோட்டா ஒன்றே ஒன்று உதிரியாகக் கேட்டுவிடுவானோ என்று காத்திருந்தேன். முழுப் பெட்டியாகக் கேட்டான். கொடுத்தேன். மீதிச் சில்லறையை எடுக்காமல் காபிக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வாயேன் ராய்ஸ். பீன்ஸும் சோறும்தான்."

"காலையில சீக்கிரம் எந்திரிக்கணும் டெல்ஃபீன்."

"அப்ப மான் அடிச்சா நேரா இங்க கொண்டு வா. எனக்குக் காட்டணும்."

"பாக்கலாம்," என்றான். கோர்டிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோர்டி வெளியே போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். "அவங்க எப்ப போனாங்க?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான். பிப்ரவரி என்றேன். தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினான்.

மறுநாள் இருட்டிலேயே கடையைத் திறந்தோம். கடைசி நிமிஷத்தில் லைசென்ஸ் வாங்குகிற சோம்பேறிகள், கையுறை மறந்தவர்கள், வயசாகிக் காட்டுக்குப் போக முடியாமல் காபிக்கு மட்டும் வருகிற இரண்டு மூன்று பேர். வாசலில் மர லோடு லாரி ஒன்று எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. கோர்டி உள்ளே வந்தான். இந்தத் தடவை பூட்ஸைத் துடைக்கவில்லை.

"பார்ட்டு வந்துருச்சு," என்றான். "வராதுன்னுதான் நெனச்சேன். எங்க ஆளு ராத்திரியோட ராத்திரியா அனுப்பிட்டான். லோடு மத்தியானத்துக்குள்ள எறக்கணும்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டுப் போகலாம்னு மேட்டுக்கு ஏறிப் போனேம்மா. வண்டி நிக்குது, ஆளு இல்ல. காட்டுக்குள்ள போயிட்டாரு போல. அடுப்படியில வெளக்கு எரியுது." காபியை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றான். "அணைக்கலாமான்னு பாத்தேன். நம்ம வீடு இல்லியே."

லாரி போன பிறகு வெண்டல் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். முழங்கால் போன பிறகு அவர் வேட்டையை விட்டுவிட்டார். சீசன் முதல் காலை வாசலில் நின்று கேட்பதோடு சரி. கிழக்கே மரங்களுக்குப் பின்னால் வானம் சாம்பல் நிறத்துக்கு வந்ததும் ஆரம்பித்தது. முதலில் தூரத்தில் ஒன்று. அப்புறம் எல்லாப் பக்கமும். வெண்டல் காபிக் கோப்பையை அந்தந்தத் திசைக்கு நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். அது ஒல்லிலா குடும்பத்துக் குடிசை. அது சதுப்புப் பக்கம், அவர்கள் பேரன் சுடுகிறான். அது ஹார்லன். மூன்று வேட்டு அடுத்தடுத்து.

"பாத்தியா," என்றார். "ஒரு வேட்டு, கறி. ரெண்டு வேட்டு, சந்தேகம். மூணு வேட்டு, பட்டினி. ஹார்லன் வீட்டுல இந்த வருஷமும் டப்பா கறிதான்."

நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், குவாரிக்கு மேலே, மேடு கறுப்பாகத் தெரிந்தது. பனி மெல்ல விழ ஆரம்பித்திருந்தது. அந்தப் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அங்கே ராய்ஸையும் அனெட்டையும் தவிர யாரும் வேட்டைக்குப் போனதில்லை என்று வெண்டலுக்கும் தெரியும். அவர் கோப்பை மற்ற எல்லாத் திசைக்கும் போயிற்று, அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு அங்கிருந்து கேட்டது. ஒரு வேட்டு. குவாரிச் சுவரில் பட்டு ஆற்றின் மேல் நீளமாக உருண்டு எங்களிடம் வந்து சேர்ந்து, ஓய்ந்தது.

வெண்டல் கறி என்று சொல்லவில்லை. கோப்பையை இறக்கிக்கொண்டு காதைச் சாய்த்தார். தப்பி இருக்கணும், நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். குறி தப்பி இருக்கணும் ராய்ஸ், மான் ஓடுது பாரு, இன்னொரு தரம் சுடு. உள்ளே இருந்து யாரோ, கதவச் சாத்துங்கப்பா, சூடெல்லாம் வெளிய போகுது, என்றார்கள். இன்னொருத்தரும் சொன்னார். கவுண்டரில் மணியைத் தட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பனி உள்ளே சிமெண்டுத் தரையில் விழுந்து விழுந்து கரைந்துகொண்டிருந்தது.